கணவாயில் நின்ற நீல லாரி

கணவாய்ச் சாலையின் ஏற்றத்தில், மூக்கை மேலே தூக்கியபடி நிற்கிறது பழைய நீல டீசல் லாரி. அதை ஓட்டி வந்த சத்தூர்நினா பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்திருக்கிறாள். கசிந்த ஹோஸை மாற்றி, ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பியும் எஞ்சின் சூடு அடங்கவில்லை. ஹீட்டரிலோ பனிக்காற்றுதான் வருகிறது. கீழே ஊரில் திருவிழா காத்திருக்கிறது. லாரியில் வந்த வாத்தியக்காரர்கள் போர்வைக்குள் ஒடுங்கி, குளிரும் களைப்பும் தெரியாமலிருக்கக் கொக்கா இலை மெல்லுகிறார்கள். "உன் புருஷனுக்குச் சொல்லி அனுப்புவோமா அக்கா?" என்கிறான் டியூபா என்னும் பெரிய பித்தளைக் குழல் ஊதும் எவாரிஸ்தோ. எல்லோரும் சிரிக்கிறார்கள். "அவருக்கு லாரியில தூங்கத்தான் தெரியும். தண்ணி ஓடுற வழியில ஏர் அடைச்சிருக்கு. ஊதுறவனுக்குக் காத்தைப் பத்தித் தெரியாதா? வா, வந்து ஹோஸை அமுக்கு." இப்போது சிரிப்பு அவன் பக்கம் திரும்புகிறது.

சற்று நேரத்தில் ஆறிய எஞ்சினை அவள் கிளப்ப, அது மறுபடி மெல்ல உறுமுகிறது. எவாரிஸ்தோ துணி சுற்றி ஹோஸை அமுக்கி அமுக்கி விட, உள்ளிருக்கும் காற்று வெளியேற அவள் மேலிருக்கும் திருகைச் சற்றே தளர்த்துகிறாள். சீறிக்கொண்டு நுரை வருகிறது. பிறகு குமிழ் குமிழாகத் துப்புகிறது. கன்னத்தில் ஆவி படக் காதைச் சாய்த்துக் கேட்டபடி இருக்கிறாள். மெல்லத் துப்பல் நின்று, குமிழே இல்லாத நீர் நூல் பிடித்தாற்போல் ஒழுகுகிறது. திருகை இறுக்கி, ரேடியேட்டரில் குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி மூடுகிறாள். ஹீட்டரில் கைவைத்த எவாரிஸ்தோ, "சுடுதுடோய்!" என்று கத்துகிறான். யாரும் சொல்லாமலே ஒருவன் டிரம்பெட்டை எடுக்கிறான். மற்றவர்களும் லாரியில் ஏறி, ஆளில்லாத மலைகளுக்கு நடுவே அவளுக்காக ஊதுகிறார்கள். சத்தூர்நினா தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஸ்டியரிங்கின் முன் நிமிர்ந்து உட்கார்கிறாள். பாட்டு முடியும்வரை அவள் கியர் போடுவதாக இல்லை.