ரெண்டு கிளாம்ப் குறையுது

"என்னங்க இது, முறுக்கினா வளைஞ்சு வணக்கம் சொல்லுது?"

கடை மேஜையின் விளிம்பில் மாட்டிப் பார்த்த, பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பைக் கழற்றி வைத்தான் அவன். வாரத்தில் ஐந்து நாள் அலுவலகம், இரண்டு நாள் மரத்தூள் என்று வாழ்கிறவன். பக்கத்தில் அவன் மனைவி, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

"விலையும் குனிஞ்சுதானே சார் நிக்குது," என்றார் கடைக்காரர். "வளையாதது வேணும்னா இதோ."

அவள் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் காசுக்கு மேஜையையே வாங்கிடலாம்."

"அப்போ நடுவாந்தரம். சிவப்புக் கைப்பிடி போட்டது. கம்பி கெட்டி, மரையும் சுத்தமா இருக்கும்."

அவன் மாட்டி முறுக்கினான். கம்பி அசையவில்லை. முகம் மலர்ந்தது.

"ஆறு குடுங்க."

"நாலுதான் இருக்கு சார். ஆறு வந்துச்சு. போன மாசம் ஒருத்தர் ரெண்டு எடுத்துட்டுப் போயிட்டார். இதை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு என்கிட்டயே கேக்கறார். அவருக்கு எதுக்கோ!"

"நாலு போதும்," என்றாள் அவள். "மீதிக்கு நம்ம கை இல்லையா?"

வீட்டுக்கு வந்ததும் அவன் மாடிப்படியைப் பார்க்காமல் நடந்து பின் அறைக்குள் புகுந்தான். மாடியில் அவன் அண்ணன் குடும்பம். இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை.

காரணம் ஒரு நாற்காலி. பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப்கூட இல்லாமல் அவன் செய்த முதல் நாற்காலி. விருந்தாளிகள் முன்னால் அண்ணன் அதில் உட்கார்ந்தார். அது நாலு காலையும் பரப்பிவிட்டது.

"நாற்காலியா இது, எலிப்பொறியா?" என்றார் தரையிலிருந்து.

"மனுஷங்க உட்காரத்தான் செஞ்சேன். யானைக்குன்னு சொல்லியிருந்தா வேற மாதிரி செஞ்சிருப்பேன்," என்றான் தம்பி.

விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். அத்தோடு ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதும் நின்றுபோனது.

"நாம ரெண்டே பேர்," என்றாள் அவள், பலகைகளைத் துடைத்தபடி. "செய்யற சாப்பாட்டு மேஜை மட்டும் ஆறு பேருக்கு."

"யாராச்சும் வருவாங்க."

அவள் ஒருமுறை கூரையைப் பார்த்தாள்.

பலகைகளின் ஓரத்தில் பசை தடவிச் சேர்த்து, நாலு கிளாம்பையும் மாட்டி முறுக்கினான். முக்கால்வாசி மேஜை சமர்த்தாக ஒட்டிக்கொண்டது. கடைசி முனையில் மட்டும் பலகைகள் கொஞ்சமாக வாயைத் திறந்தன.

"அந்தப் பக்கம் நீ தள்ளு. இந்தப் பக்கம் நான்."

தள்ளினார்கள். அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூலோடு பின்னால் நகர்ந்து சுவரில் முட்டினாள்.

"நான் எங்கேங்க தள்றேன்? மேஜைதான் என்னைத் தள்ளுது!"

"ஐயோ, பசை இறுகிடும். நல்ல எடையுள்ள ஆளா..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான். அதற்குள் அவள் மாடிப்படிக்குக் கீழே போய் நின்றுவிட்டாள்.

"மாமா! ரெண்டு கிளாம்ப் குறையுது. கொஞ்சம் வந்து பிடிக்கறீங்களா?"

மேலே பீரோ திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு கனமான காலடி இறங்கியது. படி திரும்பும் இடத்தில் கொஞ்சம் நின்றது. மறுபடி இறங்கியது.

அண்ணன் வாசலில் வந்து வெறுங்கையை உதறினார்.

"யானை வந்தாச்சு. எங்க நிக்கணும்?"

தம்பி மோவாயால் எதிர்ப்பக்கத்தைக் காட்டினான். இருவரும் பலகையைப் பிடித்து எதிரெதிராகத் தள்ளினார்கள். திறந்த வாய் மூடிக்கொண்டது. இரண்டு பேர் கண்ணும் பலகையைவிட்டு நிமிரவில்லை.

"எவ்வளவு நேரம்?"

"அரை மணி."

"ம்."

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் கேட்டார். "தள்றியா, தடவிக் குடுக்கறியாடா?"

"தள்ளிட்டுத்தான் இருக்கேன்."

"சாப்பிடறது இல்லையா?"

"அண்ணி சமையல் சாப்பிட்டே ரெண்டு மாசம் ஆச்சு."

சிரிப்பை மறைக்க அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல," என்றார் அண்ணன். "இதுமேல யாரும் உட்கார மாட்டாங்கதானே?"

"சாப்பாடுதான் உட்காரும்."

"அப்போ நான் தப்பிச்சேன்."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனின் வயிறும் குலுங்கியது.

"சிரிக்காதீங்க ரெண்டு பேரும்! பலகை விரியுது!" என்று கத்தினாள் அவள்.

மறுபடி இறுக்கினார்கள். இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு," என்றார் அண்ணன். "கிளாம்ப் சரியா இருந்திருந்தா என்னைக் கூப்பிட்டிருப்பியா?"

தம்பி யோசித்தான். "மாட்டேண்ணே."

"அப்படித்தான் நானும் நினைச்சேன்," என்றார். குரலில் கோபமே இல்லை. "கையை எடுத்துடாத, அழுத்து."

"நான் போய் அக்காவையும் கூட்டிட்டு வரேன்," என்று அவள் மாடிப்படி ஏறினாள். மனம் லேசாக இருந்ததில் கீழே பார்க்கவில்லை. படி திரும்பும் இடத்தில் காலில் ஏதோ இடித்துக் கணீரென்றது.

செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம். குனிந்து பிரித்தாள்.

உள்ளே, சிவப்புக் கைப்பிடி போட்ட இரண்டு புதுக் கிளாம்ப்கள்.