வீட்டுக்குப் போகச் சொன்னவர்

தங்கை காமாட்சி குடியிருந்த ஆற்றோர லயத்து வரிசை வீடுகள் வெள்ளத்தில் போய்விட்டனவென்று கேள்விப்பட்டு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து ஓடிவந்த சிட்டம்மா, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் மூச்சு வாங்க நிற்கிறாள். பேர் கூப்பிட்டால் தங்கை பிழைத்தாளா என்பது தெரிந்துவிடும். குடைக்குள் நின்று பேர் கூப்பிடும் மேற்பார்வைக் கண்டாக்கு ஐயாவின் சப்பாத்துக்கு மேல் முழங்கால்வரை இழுத்த வெள்ளை மேசில் ஒரு பொட்டுச் சேறில்லை. வெள்ளமும் ஆள் பார்த்துத்தான் வருமாக்கும். “காமாட்சி!” கண்டாக்கு பேரேட்டிலிருந்து தலையைத் தூக்குகிறார். “மழைன்னதும் மகாராணி படுத்துட்டாங்களோ?” சிட்டம்மா கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடுகிறாள். அப்போது தேயிலைச் சரிவில், இடுப்புவரை சேறாக, யாரோ கொடுத்த சாக்கைப் போர்த்தியபடி காமாட்சி ஏறிவருகிறாள். அக்காள் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். “பிந்தி வந்தா வேலையில்ல, வீட்டுக்குப் போ!” என்கிறார் கண்டாக்கு. சிட்டம்மா அந்த வெள்ளை மேசுக்குப் பக்கத்தில் வெற்றிலைச் சாற்றைத் துப்புகிறாள். “வீடு ஆத்தோட போயிருச்சுங்க ஐயா. நீங்க முன்னால ஆத்துல எறங்குங்க, நாங்க பின்னாலயே வர்றோம்.”