வெறும் வயிறு

மருத்துவமனைக் கூடத்தில் திரை விலகுகிறது. பெண்களுக்கு முதன்முதலில் கருத்தடை சிகிச்சை தந்து, அதற்காகக் கல்லடியும் பட்ட டாக்டரம்மா படத்தில் சிரிக்கிறார். விளக்கொளி பட்டு அவருடைய மூக்குக்கண்ணாடி கண்களை மறைக்கிறது. முன்வரிசை காலியாகத் தெரியக் கூடாதாம். கருத்தடை ஆபரேஷனுக்குக் காத்திருந்தவளைப் பச்சை அங்கியோடு கொண்டுவந்து உட்கார்த்தியிருக்கிறார்கள். விழாத் தலைவர் கேக்கை அவள் வாயருகே நீட்டுகிறார். "வேணாங்கய்யா, எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க." "டாக்டரம்மா பொறந்தநாளும் அதுவுமா வேணாங்கலாமா? வாயத் தொறம்மா, போட்டோ எடுக்கணும்." ஊட்டிவிடுகிறார். கைதட்டல் அதிர்கிறது. பக்கத்து நாற்காலியில் மயக்க மருந்து டாக்டர் தன் தட்டிலிருந்து தலை நிமிர்கிறார். "முழுங்கிட்டியா? போச்சு. இனிமே மயக்க மருந்து குடுக்க முடியாது. அடுத்த வாரம் வா." "நாளைக்கு வீட்டுக்காரர் ஊர்லேருந்து வந்துடுவாருங்க. அவருக்குத் தெரியாமத்தான் வந்தேன். இன்னொண்ணு உண்டாச்சுன்னா நான் பொழைக்க மாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க?" அவர் விரலிலிருந்த கிரீமை நக்கிக்கொள்கிறார். "அதுக்கு நான் என்னம்மா பண்றது? நீதான் வாயக் கட்டியிருக்கணும்." மேடையில் அறிவிக்கிறார்கள்: "அடுத்து, பயன்பெற்ற தாய்மார்கள் சார்பில் நன்றியுரை." மைக் கைமாறிக் கைமாறி, பச்சை அங்கியிடம் வந்து நிற்கிறது.