முஸ்பிறாவுக்கு மட்டும் தராத கிடாய்

"எல்லாருக்கும் குடுக்கிறீங்க. எனக்கு மட்டும் ஏன் ஏலாது?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முஸ்பிறா கேட்டாள். பக்கத்து வளவு றிப்தி தன் செம்மறிக் கிடாய் கறுவலின் கயிற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தான்.

"ஏலா ராத்தா. கறுவல உங்கட பெட்டையளுக்கு விடமாட்டன்."

"காரணத்தச் சொல்லுங்க தம்பி."

"காரணமெல்லாம் இல்ல. அக்கரைப்பற்றில நல்ல கிடாய் ஒண்டு நிக்கிது. நானே லேண்ட்மாஸ்டர் டிரக்டர்ல ஏத்திக்கொண்டு வந்து தாறன்."

"உங்கட உபகாரம் ஒண்டும் எனக்குத் தேவையில்ல!"

இல்லை என்றதும் அடங்கிப் போகிற ஆள் இல்லை முஸ்பிறா. வரிப்பத்தான்சேனையில் ஆடு வளர்ப்பில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஊர் சொல்லாவிட்டாலும் அவளே சொல்லிக்கொள்வாள். ஆனால் வெள்ளம் வந்து அவளுடைய பட்டியையே அள்ளிக்கொண்டு போய்விட்டது. இனி நல்ல குட்டிகள் பிறந்து, ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கல்முனைக்காரர் குர்பானிக் கிடாய் தேடி அவள் வாசலுக்கு வந்தால்தான் பழையபடி தலைநிமிரலாம்.

முன்வீட்டு றாஹிலாவிடம் கொட்டித் தீர்த்தாள்.

"ஒரே புல்லு, ஒரே தவிடு. மத்தக் கிடாய்க்குப் பிறந்தது திண்டா கொழுப்பாப் போகுது. கறுவலுக்குப் பிறந்தது திண்டா இறைச்சியாப் போகுது. எல்லாம் இரத்தத்தில வாறதுகா. கோமாரி ஊர்ச் சின்னப்போடிக்கும் குடுத்தான், எனக்குத்தான் இல்லையாம். வேலிச் சண்டைய இன்னமும் மனசில வச்சிரிக்கான், கஞ்சன்!"

"உங்கட ஆடும் நல்லாத்தானே இரிக்கி? பின்தொடையப் பாருங்களன், கல்லு மாதிரி."

"அது என்ட கைராசி!"

ஊரார் ஆட்டுக்கு இரத்தம், தன் ஆட்டுக்குக் கைராசி. முஸ்பிறாவின் நியாயம் அப்படித்தான்.

அவளிடம் இருந்த நாலு பெட்டைகளும் வெள்ளத்துக்குப் பிறகு பள்ளிவாசலில் கிடைத்தவை. அப்போது பால் மறந்த குட்டிகள். பேர் சொல்ல விரும்பாத ஒருவர் கொடுத்தார் என்று மட்டும்தான் பள்ளிவாசலில் சொன்னார்கள். கட்டாரில் இருக்கிற யாரோ பணக்காரர் என்று முடிவு கட்டியது ஊர்.

முகம் தெரியாத அந்த மனிதருக்காக முஸ்பிறா ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்தி துஆக் கேட்பாள். கேட்டு முடித்த கையோடு, வேலிப் பக்கம் திரும்பி றிப்திக்கு ஒரு பாட்டம் ஏச்சு.

ஒருநாள் அந்தப் பெட்டைகளில் ஒன்று பருவத்துக்கு வந்து வேலியோரம் சுற்றத் தொடங்கியது. முஸ்பிறா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆடு நுழைகிற அளவுக்கு வேலியைப் பிரித்துவிட்டாள். கேட்டுத் தராததை வேறு எப்படித்தான் வாங்குவது?

பெட்டை நேரே கறுவலிடம் போனது. அதைக் கண்ட றிப்தி சாரனை மடித்துக் கட்டவும் மறந்து ஓடிவந்தான். இரண்டுக்கும் நடுவில் விழாத குறையாகப் பாய்ந்து பெட்டையைக் கட்டிப் பிடித்தான்.

"விடுங்க தம்பி! இதையும் தடுக்கிறீங்களே, நீங்கெல்லாம் மனிசனா?"

ஊசி போட வந்த மாட்டு டொக்டர் சசிகரன் அந்த நேரம் பார்த்து வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். முஸ்பிறாவுக்கு நல்லதாய்ப் போயிற்று.

"வாங்க டொக்டர்! நீங்களே நியாயம் சொல்லுங்க. ஊருக்கெல்லாம் குடுக்கிற கிடாய எனக்கு மட்டும் தரமாட்டாராம்."

டொக்டர் பெட்டையின் முதுகை அமத்திப் பார்த்தார். பின்தொடையைத் தடவினார். பிறகு சிரித்தார்.

"என்ன அக்கா, விளையாடுறீங்களா? இது கறுவல்ட மகள். தகப்பனையும் மகளையும் சேத்தா நோஞ்சான் குட்டிதானே பிறக்கும்? உங்கட பட்டியே அழிஞ்சிடும்."

"கறுவல்ட மகளா? இது பள்ளிவாசல்ல தந்தது டொக்டர்!"

"ஆர் தந்தாலும் இரத்தம் மாறாதே. நிறம் தாயைக் கொண்டிருக்கு. ஆனா இந்தப் பின்தொடை இந்தப் பக்கத்தில கறுவல்ட வம்சத்துக்கு மட்டும்தான். நீங்களே கைய வச்சுப் பாருங்க."

முஸ்பிறா வைத்துப் பார்த்தாள். முதலில் பெட்டையில், பிறகு கறுவலில். கைராசி அந்த இடத்திலேயே காணாமல் போனது.

மெல்லத் தலையைத் தூக்கி றிப்தியைப் பார்த்தாள். அவன் களவு பிடிபட்ட ஆளைப் போல முழித்துக்கொண்டு நின்றான்.

"அப்ப... அந்தக் கட்டார்காரர்?"

"ராத்தா, அல்லாஹ்வுக்காக ஆருக்கும் சொல்லிராதீங்க" என்றான் றிப்தி குரலைத் தாழ்த்தி. "வலக்கை குடுக்கிறது இடக்கைக்குத் தெரியக்கூடா. ஊர் புகழத் தொடங்கினா என்ட நன்மை போயிரும். டொக்டர், நீங்களும்தான்."

"ஓம், ஓம்" என்றார் டொக்டர்.

முஸ்பிறாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு காலமும் அவளுடைய துஆவும் ஏச்சும் ஒரே ஆளுக்குத்தான் போயிருக்கின்றன.

சத்தம் கேட்டு முன்வீட்டு றாஹிலா அப்போதுதான் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"என்னகா? என்ன நடந்த?"

றாஹிலாவுக்குத் தெரிந்தால், அடுத்த பாங்கு சொல்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். றிப்தி முஸ்பிறாவைப் பார்த்தான்.

முஸ்பிறா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இடுப்பில் கையை வைத்தாள். என்றைக்கும் இல்லாத சத்தத்தில் தொடங்கினாள்:

"என்ன நடந்தயா? கிடாய் தரவே மாட்டானாம்! இவனப் போல ஒரு கஞ்சன் இந்த ஊரிலயே இல்லகா, போய் எல்லாருக்கும் சொல்லு!"