ரெண்டு வெரல் ஆழம்

மீன்கொத்தி ஒண்ணு தூண்டில் முள்ள முழுங்கிடுச்சு. நண்டு டாக்டர் அது வயித்தக் கிழிச்சு முள்ள எடுத்து, ஏழு தையல் போட்டுச்சு. அப்புறம் நாப்பது நாளும் கொக்கு கையால ரசஞ்சோறு. மீன்கொத்திக்கு ரசஞ்சோறு!

நாப்பத்தொண்ணாம் நாள் கரைக்கு வந்துச்சு. "ஒரு மீனாவது நானே குதிச்சுப் புடிக்கணும். ஈசியான எடமாச் சொல்லுங்க. அந்தப் பாறை மேலேருந்து குதிக்கட்டா?"

"ஐயய்யோ, அங்க அலை அடிக்கும். என் தையல் பிரிஞ்சிடும்"னுச்சு நண்டு.

"அப்போ படகுத்துறை?"

"ஆழம் ஜாஸ்தி தம்பி"ன்னுச்சு கொக்கு. முட்டிக்கு மேல தண்ணியே பாக்காதது பேசுற பேச்சா இது?

மீன்கொத்திக்குக் கோவம் வந்துடுச்சு. "அண்ணே, நீங்க என்னைக்காவது முங்கியிருக்கீங்களா?"

"அதான் நல்லா இருக்கேன்."

கடைசில நண்டும் கொக்கும் சேந்து ஒரு எடம் புடிச்சுதுங்க. அலை விட்டுட்டுப் போன குட்டை அது. ரெண்டு வெரல் ஆழம். நண்டே ஒரு நெத்திலியக் கொண்டாந்து அதுல போட்டுச்சு.

"பயப்படாம குதி!"

மீன்கொத்திக்குக் குதிக்கத் தெரிஞ்ச விதம் ஒண்ணுதான். பனமர ஒசரத்துக்குப் பறந்து, தலகீழா எறங்குச்சு. அலகு மொத்தமும் மண்ணுல சொருகிக்கிச்சு. நெத்திலி பக்கத்துல நின்னு வேடிக்க பாத்துச்சு.

கழுத்துக்குத் தையல் போட்டுக்கிட்டே நண்டு சொல்லுச்சு, "பாத்தியா, உனக்கு இதுவே ஆழமாப் போச்சு. அடுத்த தடவ இன்னும் ஈசியா ஒரு எடம் பாப்போம்."

கொக்கு ரசஞ்சோறு பெசைய ஆரம்பிச்சுது.