தளம் தட்டும் சத்தம்

"சிஸ்டர், கதவைத் திறங்க! கடைசியா சொல்றேன்!"

தட்டித் தட்டி என்ஜினீயர் கிளமென்டின் கை சிவந்ததுதான் மிச்சம். உள்ளேயிருந்து அமலராணியின் குரல் மட்டும் வந்தது.

"கொஞ்சம் பொறுங்க சார்."

"காலையிலேருந்து இதையேதான் சொல்றீங்க!"

எண்பத்து மூணாம் வருஷம். தென்னூர் பக்கம் மூடிக் கிடந்த பழைய மிஷன் ஆஸ்பத்திரியில் புது யுனிவர்சிட்டி வரப்போகிறது. முன்பக்கக் கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு அடித்து ஆபீஸ் ஆக்கியாயிற்று. பின்னால் இருக்கும் இந்தக் கடைசி வார்டை இடித்தால் லைப்ரரிக்கு இடம் கிடைத்துவிடும். இன்று வைஸ் சான்ஸலர் வந்து பார்க்கும்போது ஒரு சுவராவது விழுந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளமென்டின் சீட்டு கிழிந்துவிடும்.

அமலராணி அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவர். 'இடிக்காதே' என்று சிவப்பில் எழுதின துணியைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரமாகக் கேட் வாசலில் தனியாக நின்றவர். இன்றைக்கு எப்படியோ வார்டுக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுவிட்டார்.

அதுகூடப் பரவாயில்லை. இந்தச் சித்தாள் பெண்களுக்கு என்ன வந்தது? அத்தனை பேரும் வார்டு வாசலில் குந்திக்கொண்டு, மரக்கட்டையால் தரையைத் தட்டித் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். மொட்டை மாடியில் தளம் போடும்போது பாடுவார்களே, அந்தப் பாட்டு.

"மேஸ்திரி! இடிக்கப்போற கட்டடத்துல எதுக்குய்யா தளம் தட்டுறாங்க?"

மேஸ்திரி காஜா மைதீன் தலையைச் சொறிந்தார். "கேட்டா பதிலே வரமாட்டேங்குது சார். இன்னும் சத்தமாத்தான் பாடுறாங்க."

"எல்லாம் அந்தம்மா தூண்டிவிடுறது, வேறென்ன? ஏம்மா, காலையில ஒருத்தியை வேலை இல்லைன்னு அனுப்பினேனே, அந்தக் கோபமா உங்களுக்கு?"

அவர்களில் மூத்தவள் ரங்கநாயகி. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாட்டை இன்னும் ஒரு சுதி ஏற்றினாள். மற்றவர்களும் ஏற்றினார்கள். காது கிழிந்தது.

கிளமென்ட் கதவோரம் வாயை வைத்துக் கத்தினார். "சிஸ்டர், நானும் ஞாயித்துக்கிழமை தவறாம பூசைக்குப் போறவன்தான். இது படிப்புக்காக! நாளைக்கு எத்தனை ஏழைப் பிள்ளைங்க இங்கே வந்து படிக்கப்போகுது! அதுல மண்ணள்ளிப் போடாதீங்க!"

"சரிங்க சார். கொஞ்சம் பொறுங்க."

"போலீஸைக் கூப்பிடவா?"

"கூப்பிடுங்க. அவங்க வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

"என்ன முடிஞ்சிடும்?"

அதற்குள் கேட்டில் கார் ஹாரன் கேட்டது. கிளமென்டுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ, வந்துட்டாரு! மேஸ்திரி, கதவை உடைங்க!"

"உள்ளே ஆள் இருக்காங்களே சார்..."

"கதவைத்தான் உடைக்கச் சொல்றேன், தலையை இல்லை! யாருப்பா அங்கே? மருதை! கடப்பாரையை எடு!"

மருதை துறையூர்ப் பக்கத்து ஆள். காலையிலிருந்து அந்தக் கோடியில் லாரியிலிருந்து செங்கல் இறக்கிவிட்டு இப்போதுதான் வந்து நின்றிருந்தான். அவன் தயங்கினான்.

"வேற யாரையாவது சொல்லுங்க சார். பெரியம்மா பாவம்."

"உனக்கு இந்த வேலை வேணுமா, வேண்டாமா?"

மருதை கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடந்தான்.

ரங்கநாயகி கட்டையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். "வேணாம்ப்பா மருதை! நான் சொல்றதைக் கேளு!"

"விடுக்கா. என் பொழப்பைக் கெடுக்காதே."

பாட்டு நின்றுவிட்டது. கடப்பாரை கதவில் இறங்கியது. பலகையில் விரிசல் விட்டது. மருதை மறுபடி ஓங்கினான்.

கதவுக்குப் பின்னால் ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டு அழுதது.

ஓங்கின கை அப்படியே நின்றது.

தாழ்ப்பாள் விலகியது. அமலராணி வேர்த்து விறுவிறுத்து நின்றார். கையில் துணி சுற்றின சிசு. கேட் வாசலில் பிடித்துக்கொண்டிருந்தாரே, அதே துணிதான். சிவப்பு எழுத்து பாதி வெளியே தெரிந்தது.

"பொண்ணு பொறந்திருக்கு. வாங்கிக்கப்பா மருதை. உன் பொண்டாட்டி நல்லா இருக்கா."

"பூவாயியா? அவ காலையிலயே பஸ் ஏறிட்டான்னு இல்ல நினைச்சேன்!"

"பஸ் ஸ்டாண்டுக்கு எங்கே போறது? கேட் வாசல்லயே வலி கண்டுடுச்சு. அவ கத்துறது வெளியே கேட்கக் கூடாதுன்னுதான் இவங்க தளம் தட்டினாங்க."

அமலராணி கிளமென்டைப் பார்த்தார். "இது பிரசவ வார்டு சார். உள்ளே ஒரு கட்டில் மிச்சம் இருந்துச்சு, உதவுச்சு. இனிமே நீங்க தாராளமா இடிச்சுக்குங்க."

கிளமென்டுக்கு வாய் குழறியது. "நிறைமாசக்காரி சைட்ல விழுந்து கிழுந்து வச்சா யார் பதில் சொல்றதுன்னுதான் அனுப்பினேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சிஸ்டர்? நான் என்ன மனுஷன் இல்லையா?"

அமலராணி வழிவிட்டு நகர்ந்தார்.

உள்ளே துருப்பிடித்த கட்டிலில் பூவாயி எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சிஸ்டரைத் திட்டாதீங்க சார். என்னை மறுபடி உள்ளே பார்த்தா அவரு வேலையும் போயிடும்னு சொன்னீங்களே, அதான் வெளியே சொல்லாதீங்கன்னு நான் கெஞ்சினேன். வலி தாங்கலை சார், அதான் உள்ளே வந்துட்டேன். இந்த ஒரு தடவை மன்னிச்சு, அவரை வேலையில வச்சுக்குங்க சார்."