ஆறு மணிக் கிண்ணம்

கொல்லை வைத்த வீட்டைக் காலி செய்து மூன்றாவது மாடிக்குக் குடிபோக வேண்டி வந்ததும், எஸ்தர் தன் இரண்டு வாத்துகளுக்கு இடம் தேடினாள். எத்தனை கிலோ தேறும் என்று கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை. ராத்திரி எங்கே அடைப்பீர்கள் என்று கேட்ட காசிராஜனிடம் கொடுத்தாள். அவன் தோப்பில் குளம் இருந்தது. தவிட்டு மூட்டை, கூடு எல்லாம் ஏற்றிவிட்டவள், அந்தியில் வாத்துகளைக் கூப்பிடக் கரண்டியால் தட்டும் நசுங்கிய அலுமினியக் கிண்ணத்தை மட்டும் வைத்துக்கொண்டாள். ஏதாவது ஒன்று தன்னிடம் இருக்கட்டுமே என்றிருந்தது.

மறுநாள் மாலை ஆறு மணிக்குப் போன் வந்தது.

"அக்கா, குளத்த விட்டு ஏற மாட்டேங்குதுங்க. இருட்டுனா நாய் தூக்கிரும். நீங்க எப்படிக் கூப்புடுவீங்க?"

எஸ்தர் போனருகே கிண்ணத்தைத் தட்டினாள். மறுமுனையில் சிறகடிப்பும் கத்தலும் நெருங்கி வந்தன.

"வந்துருச்சுங்கக்கா!"

தினமும் ஆறு மணிக்குப் போன் வந்தது. தினமும் தட்டினாள். கிண்ணத்தைக் கொடுத்தனுப்புகிறேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் காசிராஜன் தயங்கினான்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. சத்தம் கேட்டு ஓடி வருதுங்க. போனச் சுத்திச் சுத்தி உங்களத் தேடுதுங்க. காணோம்னதும் திரும்பக் குளத்துக்கே போயிருதுங்க. நான்தான் தண்ணியில எறங்கிப் புடிச்சு அடைக்கிறேன்."

"மொத நாள்லருந்தா தம்பி?"

"ஆமாக்கா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

காலை பஸ்ஸில் கிண்ணத்தைக் கொடுத்தனுப்பினாள். கரண்டியை அனுப்பவில்லை. மாலை அதைக் கையில் வைத்துக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறு மணி ஆனது. ஏழும் ஆனது. போன் அடிக்கவில்லை.